பற்றரி என்ன பெற்றோல் தாங்கியா?

"பற்றரி 78 வீதம் இருக்கு தம்பி, இன்னும் அஞ்சு வருசம் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்."

பழைய மின்சாரக் கார் விற்கிறவர்களிடம் போனால் காதில் விழுகிற முதல் வசனம் இதுதான். எண் ஆளுக்கு ஆள் மாறும், வசனம் மாறாது. வாங்குகிறவரும் அந்த ஒரு எண்ணைத்தான் கேட்கிறார். அதை வைத்துத்தான் பேரம், அதை வைத்துத்தான் காசு கைமாறுகிறது. பிறகு ஒருநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் போகும்போது, பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்துக் கொல்ல, அக்சிலறேற்றரை அடிமட்டும் மிதித்தும் கார் நாற்பதைத் தொடாது. திரையில் சின்னதாய் ஓர் ஆமைப் படம் எரியும். மறுநாள் கராஜில் கொண்டுபோய் விட்டால், கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு அவர்களும் சொல்வார்கள்: "பற்றரி 78 இருக்கே அண்ணை, ஒரு பிரச்சினையும் இல்லை."

இந்தப் பதிவு அந்த 78க்கு எதிரானது. அது பொய்யான எண் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். "எவ்வளவு தூரம் போகும்?" என்ற கேள்விக்கு அது பதில். "ஏற்றத்தில் இழுக்குமா?" என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விற்கிறார்கள், நாங்களும் வாங்குகிறோம்.

குழப்பத்துக்குக் காரணம் பெற்றோல் கார் பழக்கம். தாங்கியில் கால்வாசி பெற்றோல் இருந்தாலும் முழுத் தாங்கி இருந்தாலும் எஞ்சின் ஒரே மாதிரித்தான் இழுக்கும். அதனால் பற்றரியையும் ஒரு தாங்கியாகவே நினைக்கிறோம், வயதானால் தாங்கி கொஞ்சம் சின்னதாகிறது, அவ்வளவுதானே என்று. பற்றரியில் தாங்கியின் அளவு ஒன்று, அதிலிருந்து வருகிற குழாயின் பருமன் இன்னொன்று. வயதாக ஆகக் குழாயும் அடைக்கிறது. அந்த அடைப்புக்குப் பெயர் அகத்தடை.

சாதாரண தரத்தில் படித்த ஓமின் விதி காணும் இதை விளங்கிக்கொள்ள. நிசான் லீஃப் காரை எடுப்போம். இலங்கையில் பழைய மின்சாரக் கார் என்றால் அனேகமாக அதுதான். முதல் தலைமுறை லீஃபில் 24 கிலோவாற்-மணி பற்றரி, 80 கிலோவாற் மோட்டார். பற்றரிக்குள் 192 கலங்கள், இரண்டு இரண்டாக இணைத்து 96 சோடிகள், அந்த 96உம் தொடராக. புதிய பற்றரியின் மொத்தத் தடை 0.1 ஓம் என்று வைப்போம் (கணக்குக்கு வசதியான எண், ஆனால் உண்மையில் இருந்து தூரம் இல்லை). பாதி சார்ஜில் 360 வோல்ற். 200 அம்பியர் இழுத்தால் தடையில் 20 வோல்ற் போய்விடும். மிச்சம் 340 வோல்ற், அதாவது 68 கிலோவாற். கார் பறக்கும்.

இப்போது பத்து வருடத்துக்குப் பிறகு. வயதால் தடை இரண்டு மடங்கு. நுவரெலியாக் காலைக் குளிரும் அடிக்கு இறங்கிவிட்ட சார்ஜும் சேர்ந்து அதை இன்னொரு தடவை இரட்டிக்கின்றன. 0.4 ஓம். சார்ஜ் குறைந்ததால் வோல்ற்றளவு 330. பற்றரியைக் காவல்காக்கிற கணினி, எந்தச் சோடியையும் 3 வோல்ற்றுக்குக் கீழே விடமாட்டேன் என்று நிற்கும் என்போம். 96 சோடிக்கு 288 வோல்ற். ஆக, தடையில் இழக்க அனுமதி உள்ளது 42 வோல்ற் மட்டும். 42ஐ 0.4ஆல் வகுத்தால் 105 அம்பியர். 288ஆல் பெருக்கினால் 30 கிலோவாற். 80 கிலோவாற் கார் என்று வாங்கினீர்கள், இருப்பது 30.

இது கூடப் பரவாயில்லை. 96 சோடியும் ஒரே மாதிரி வயதாவதில்லை. தொடர் இணைப்பு என்பதால் எல்லாவற்றுக்குள்ளும் போவது ஒரே மின்னோட்டம்தான். ஒரேயொரு சோடியின் தடை மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு என்றால், மற்ற 95உம் சும்மா இருக்க அந்த ஒன்று முதலில் 3 வோல்ற்றைத் தொடும். கணினி அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். 105 அம்பியர் 52 ஆகிறது, 30 கிலோவாற் 16 ஆகிறது.

16 கிலோவாற் என்றால் என்ன? நாலு பேர் ஏறிய லீஃப் ஏறக்குறைய 1,800 கிலோ. நூறு மீற்றருக்கு ஏழு மீற்றர் உயர்கிற சாய்வில் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் மட்டும் 20 கிலோவாற் வேண்டும். 30 இருந்தால் ஏறலாம், லொறியை முந்த நினைக்கக்கூடாது. 16 இருந்தால் பஸ்காரரின் ஹோர்ன்தான். இவ்வளவுக்கும் அந்த 78 வீதம் 78 வீதமாகவே இருக்கும்!

கராஜில் ஏன் தெரிவதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. நிற்கிற காரில் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் தடையால் வருகிற இழப்பும் இல்லை. காலை எடுத்தவுடன் வோல்ற்றளவு பழையபடி ஏறிவிடும். ஏற்றத்தில் செத்துக் கிடந்த பற்றரி, கராஜ் வாசலில் நல்ல பிள்ளையாய் நிற்கும். "உங்கட ஓட்டம் சரியில்லை" என்று பழி ஓட்டுநர் தலையில் விழும்.

சிலர் கணினியைத் திட்டுகிறார்கள், மென்பொருளை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு லிதியம் கலத்தை அளவுக்கு மீறி இறக்கினால் எதிர்மின்வாயின் செப்புத் தகடே கரையத் தொடங்கும், பிறகு சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள் குறுஞ்சுற்று வரலாம். ஆமைப் படத்தைப் போடுகிற கணினி தன் வேலையைச் செய்கிறது. குற்றவாளி அது அல்ல.

சரி, தடை ஏன் கூடுகிறது? யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற கேத்திலைத் திறந்து பாருங்கள். வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படிந்திருக்கும். பற்றரியில் எதிர்மின்வாயான காரீயத்தின் மேலும் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அது இல்லாவிட்டால் பற்றரியே வேலை செய்யாது. ஆனால் வருடக்கணக்கில் அது தடிக்கிறது. தடிக்கும்போது லிதியத்தைத் தின்கிறது, அதனால் கொள்ளளவு குறைகிறது. அயன்கள் கடக்கிற பாதையையும் அடைக்கிறது, அதனால் தடை கூடுகிறது. இதோடு நேர்மின்வாயின் துணிக்கைகள் வெடிக்கின்றன. பழைய லீஃபில் இருப்பதுபோல் மங்கனீசு அதிகமுள்ள நேர்மின்வாய் என்றால், வெப்பத்தில் மங்கனீசு கரைந்து மறுபக்கம் போய்ப் படிந்து இன்னும் கெடுக்கிறது. இந்தத் தாக்கங்கள் 10 பாகை செல்சியஸ் கூடினால் சுமார் இரண்டு மடங்கு வேகமாகும் என்பது இரசாயனத்தில் பொதுவாகச் சொல்கிற கணக்கு.

கொள்ளளவும் தடையும் ஒரே நோயில் இருந்து வருவதால் ஒன்றைப் பார்த்தால் மற்றதும் தெரியும்தானே என்று வாதாடலாம். தெரியாது. ஒரே 78 வீதம் உள்ள இரண்டு பற்றரிகளில் ஒன்று வெயிலில் கிடந்ததாக இருக்கலாம், மற்றது நெடுஞ்சாலையில் ஓடி ஓடித் தேய்ந்ததாக இருக்கலாம். தடை வேறு வேறாக இருக்கும். ஒரு சோடி மட்டும் கெட்டது என்றால் சராசரி எண்ணில் அது தலைகாட்டாமலே போகும்.

இதெல்லாம் தெரியாமல் நடந்ததா? லீஃப் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோது அதன் பற்றரிப் பெட்டிக்குக் குளிரூட்டும் திரவமும் இல்லை, விசிறியும் இல்லை. அதே மாதம் வந்த செவர்லே வோல்ற் காரில் திரவக் குளிரூட்டல் இருந்தது. 2012 கோடையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் நகரத்தில் லீஃப் வைத்திருந்தவர்களின் 12 கட்ட மானியில் கட்டங்கள் மளமளவென்று காணாமல் போயின. 40 பாகையைத் தாண்டுகிற ஊர் அது. சண்டை வழக்குவரை போன பிறகு, 2013இல் நிசான் இறங்கிவந்தது. 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கட்டத்துக்குக் கீழே போனால் பார்த்துத் தருகிறோம் என்றது. நல்லது. ஆனால் அந்த 9 கட்டமும் கொள்ளளவுக்கான கட்டம். ஏற்றத்தில் எத்தனை கிலோவாற் மிஞ்சியிருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை.

நிறுவனத்தை விடுங்கள், சட்டம் போடுகிறவர்கள்? ஐ.நா.வின் வாகன ஒழுங்குவிதிகளில் மின்சாரக் கார் பற்றரி எவ்வளவு காலம் தாங்க வேண்டும் என்று 2022இல் ஒரு உலக விதி வந்தது. 5 வருடம் அல்லது 1,00,000 கிலோமீற்றரில் 80 வீதம், 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீற்றரில் 70 வீதம். எதில் வீதம்? சேமிக்கிற சக்தியில். வலுவில் அல்ல. (நாங்கள் பேச்சில் இரண்டையும் சக்தி என்றே சொல்கிறோம். பௌதிகவியலில் சக்தி வேறு, வலு வேறு என்று ஆசிரியர் காதைத் திருகியது சும்மா இல்லை :-))

"தடையை அளப்பது கஷ்டம்" என்ற சாட்டும் எடுபடாது. ஆய்வுகூடங்களில் பல வருடமாகச் செய்கிற சோதனைதான்: 10 விநாடிக்குப் பெரிய மின்னோட்டத்தை இழுத்து, வோல்ற்றளவு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பற்றரிச் சட்டம், வலு இழப்பையும் அகத்தடை உயர்வையும் தொழில்நுட்ப ஆவணத்தில் எழுதவேண்டும் என்று கேட்கிறது. எழுதலாம் என்றால் அளக்கலாம். அளக்கலாம் என்றால் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள திரையிலும் காட்டலாம். காரின் கணினிக்கு ஒவ்வொரு சோடியின் வோல்ற்றளவும் மின்னோட்டமும் நொடிக்கு நொடி தெரியும். தெரிந்துதானே ஆமையைப் போடுகிறது. தனக்குத் தெரிந்ததைக் காரின் சொந்தக்காரருக்கு ஏன் ஒளிக்க வேண்டும்?

எங்களுக்கு இது தூரத்து நாட்டுப் பிரச்சினை இல்லை. 2015 வாக்கில் மின்சாரக் காருக்கு வரி குறைந்திருந்த நேரம் ஜப்பானில் ஓடின லீஃப்கள் இங்கே வந்து குவிந்தன. பிறகு வரி கூடியது. 2020இல் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திறந்தது 2025இல்தான். இடையில் புதிய வாகனம் வராததால் அதே பழைய கார்கள் மூன்றாம் கை, நாலாம் கை என்று வவுனியாவரை விலை ஏறி ஏறி மாறின. குளிரூட்டல் இல்லாத பற்றரி, எங்கள் வெயில், மலையகத்து ஏற்றம். இதைவிட மோசமான சேர்க்கை வேண்டுமா? பெற்றோல் காருக்கு வருடா வருடம் புகைப் பரிசோதனை உண்டு. மின்சாரக் காருக்குப் புகையும் இல்லை, பரிசோதனையும் இல்லை. அந்த நிலையங்களிலேயே ஒரு 10 விநாடிச் சோதனை வைத்து, வோல்ற் வீழ்ச்சியையும் மிக மோசமான சோடியின் இலக்கத்தையும் துண்டில் அடித்துக் கொடுக்கச் சொல்லி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைக் கேட்பது பெரிய ஆசையா?

அதுவரை வாங்கப் போகிறவர்கள் கட்டத்தை எண்ணாதீர்கள். கணினியை மீளமைத்தால் 12 கட்டமும் கொஞ்ச நாளைக்குத் திரும்பி வரும், அதைச் செய்து விற்கிறவர்களும் உண்டு. லீஃப் ஸ்பை என்ற செயலியும் அதற்கான சின்னச் செருகியும் இருந்தால் 96 சோடியையும் தனித்தனியே பார்க்கலாம். சார்ஜை 30 வீதத்துக்குக் கீழே இறக்கி, ஓர் ஏற்றத்தில் இன்னொருவரை முழு மிதி மிதிக்கச் சொல்லி, உயர்ந்த சோடிக்கும் தாழ்ந்த சோடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நிற்கும்போது அது சில பத்து மில்லிவோல்ற்றுக்குள் இருக்கும். மிதிக்கும்போது நூற்றுக்கணக்கில் எகிறி, ஒவ்வொரு தடவையும் அதே சோடிதான் கீழே போகிறது என்றால் விலையைப் பற்றிப் பேசாமலே வீட்டுக்கு வந்துவிடலாம். விற்கிறவர் ஏற்றத்துக்கு வரமாட்டேன் என்றாலும் அப்படித்தான்.

ஏற்கெனவே லீஃப் வைத்திருக்கிறவர்கள் கடுகண்ணாவவிலோ ரம்பொடையிலோ இப்படி அளந்து பார்த்தால், எந்த வருடக் கார், எத்தனை வீதம், எத்தனை மில்லிவோல்ற் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். இருபது கார் சேர்ந்தால் அட்டவணையாகப் போடுகிறேன்.