தொழில் வரி யாருக்கு? பெங்களூருக்கா, புதுகைக்கா?

"மாநில வருமான வரியா? அதெல்லாம் அமெரிக்காவுல தானே?"ன்னு கேக்குறவங்க, உங்க சம்பளச் சீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ஒரு ஓரத்துல 'தொழில் வரி'ன்னு மாசம் 200 ரூபாய் பிடிச்சிருப்பாங்க. பேருதான் வேற. நம்ம நாட்டுல மாநிலங்கள் சம்பளத்து மேல போடுற வரி அதுதான். அரசியல் சட்டத்தின் 276வது பிரிவு அதுக்கு அனுமதி கொடுக்குது. வருஷத்துக்கு 250 ரூபாயா இருந்த உச்சவரம்பை 1988ல 2500 ஆக்குனாங்க. அதுக்கப்புறம் யாரும் அதைத் தொடல.

சரி, மேட்டருக்கு வருவோம். 2020 ஊரடங்குல மடிக்கணினியோட ஊருக்கு வந்த பெங்களூர் பொட்டிதட்டிகள் பல பேரு. அதுல சிலர் இன்னும் ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் வீட்டுலேருந்தே வேலை பாக்குறோம். குடிக்கிறது ஊராட்சித் தண்ணி, ராத்திரி கால் முடிஞ்சு வெளிய வந்தா ஊராட்சித் தெருவிளக்கு. ஆனா தொழில் வரி மட்டும் கர்நாடகாவுக்குப் போகுது. எங்க ஆபீஸ்ல கேட்டேன். "சிஸ்டத்துல உங்க கிளை பெங்களூர்தான், மாத்த முடியாது"ன்னு ஒரு வரியில முடிச்சுட்டாங்க :-)

இதுல முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு. கர்நாடகாவுல இந்த வரியை வசூலிக்கிறது மாநில அரசு. தமிழ்நாட்டுல வசூலிக்கிறது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. ஆறு மாசத்துக்கு அதிகபட்சம் 1250 ரூபாய். அதாவது இங்க கட்டினா பணம் நேரா நம்ம ஊருக்கே. 2500 ரூபாய் என்ன பெரிய காசுன்னு கேக்கலாம். ஒரு ஊராட்சியில நம்மள மாதிரி 40 பேர் இருந்தா வருஷம் ஒரு லட்சம். வீட்டு வரியை நம்பி ஓடுற சின்ன ஊராட்சிக்கு அது பெரிய காசுதாங்க.

எல்லை தாண்டுன வரி எங்க ஊருக்குப் புதுசும் இல்ல. 1948ல இந்தியாவோட இணையுற வரைக்கும் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். திருமயம் சமஸ்தானம், காரைக்குடி வெள்ளைக்கார சர்க்கார். 1922 வருமான வரிச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் இன்னொண்ணு!

அமெரிக்காவுல இதுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. நியூஜெர்சியில குடியிருந்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போற நம்மாளு ரெண்டு மாநிலத்துக்கும் கணக்குக் காட்டுவார். நியூயார்க்குக்குக் கட்டுனதை நியூஜெர்சி கழிச்சுக்கும். அங்கயும் சண்டை இல்லாம இல்ல. கொரோனா சமயத்துல, வீட்டுலேருந்து வேலை பாத்த எங்க மக்கள்கிட்ட மாசசூசெட்ஸ் எப்படி வரி வாங்கலாம்னு நியூ ஹாம்ப்ஷயர் 2020ல உச்ச நீதிமன்றத்துக்கே போச்சு. 2021ல கோர்ட் அந்த வழக்கை எடுத்துக்க மறுத்துடுச்சு.

அங்க சண்டை போடவாவது ஒரு மாநிலம் இருந்துச்சு. இங்க எந்த ஊராட்சித் தலைவரும் கேக்கல, நாமளும் கேக்கல. 2500ங்கிற வரம்பும் அந்தந்த மாநிலத்துக்குத்தான். ரெண்டு மாநிலமும் கேட்டா யாருக்குக் கட்டணும்னு அந்தப் பிரிவுல ஒரு வார்த்தை இல்ல.

"வேலை குடுக்குறது பெங்களூர்தானே?"ன்னா, ஆமா, கம்பெனி அதுக்கு அங்க வரி கட்டுது. இது என் தொழில் மேல போடுற வரி. நான் தொழில் செய்யுற இடம் எதுவோ, அந்த ஊருக்குத்தான் அது சேரணும். கம்பெனி எங்க பதிஞ்சிருக்குன்னு பாக்காம, ஆள் எங்க உக்காந்து வேலை பாக்குறான்னு பாத்துப் பிடிக்கணும்னு விதி வேணும். ஊராட்சி வரியை இணையத்துல கட்டுற வசதிகூட தமிழ்நாட்டுல வந்தாச்சு. அதனால தொழில்நுட்பத்து மேல பழி போட முடியாது, அதுவும் நம்மகிட்ட :-)

அதுவரைக்கும், ஊர்ல இருக்குற பொட்டிதட்டிகள் எல்லாரும் ஆளுக்கொரு மெயில் அவங்கவங்க ஆபீஸுக்குத் தட்டுங்க. ஒருத்தன் கேட்டா சிஸ்டம் மாறாது. நாப்பது பேர் கேட்டா மாறும்.