அன்பளிப்புப் பிரதி கேட்காதீர்!

சென்ற மாதம் சிதம்பரத்தில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸ். மணமகன் நம்மிடம் ஓதியவர் என்பதால் நாமும் சென்றிருந்தோம். விருந்து முடிந்து மண்டப வாயிலுக்கு வந்தபோது, கடலூர் முதுநகரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் துணிப்பையுடன் நின்றிருந்தார். பையில் அவர் எழுதிய நாவலின் பிரதிகள். விலை 200 ரூபாய்.

ஊரறிந்த செல்வர் ஒருவர் அவர் தோளைத் தட்டி, "மாஷா அல்லாஹ்! தம்பி, நமக்கு ஒரு பிரதி அன்பளிப்பு இல்லையா?" என்றார். இளைஞர் மறுக்க நாணி எடுத்துக் கொடுத்தார். அவரைக் கண்டு இன்னொருவர் கேட்டார். அவரைக் கண்டு மூன்றாமவர். கால்மணி நேரத்தில் ஒன்பது பிரதிகள் கைமாறின. ஒரு ரூபாய்கூடப் பைக்குள் வரவில்லை. அந்த ஒன்பதில் ஒன்று, கைகழுவும் தொட்டியருகே ஈரத்தில் கிடந்ததையும் நாம் கண்டோம்.

அந்த நாவல் எப்படிப் பிறந்தது என்பதை அந்தச் செல்வர் அறிவாரா? 2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. தனியார் பள்ளி ஆசிரியரான இவ்விளைஞருக்குச் சில மாதங்களில் ஊதியம் நின்றது. மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளரிடையே நோய் கண்டு, கடலூர் மாவட்டமே கலங்கியது. வீட்டுக்குள் அடைபட்ட அந்நாட்களில் அவர் எழுதத் தொடங்கினார். 2021இன் இரண்டாம் அலையில் தந்தையை இழந்தார். தந்தையின் இறுதி நாட்களையும் எழுதினார். பதிப்பகங்களோ அச்சிட்டவற்றையே விற்க வழியின்றித் தவித்தன. தைத் திங்களில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி 2021, 2022 ஆகிய ஈராண்டும் பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. அறிமுகமற்ற ஒருவரின் முதல் நாவலை அப்போது யார் கையில் எடுப்பார்? முதலில் அமேசானின் கிண்டிலில் மின்னூலாக ஏற்றினார். பின்னர் மனைவியின் வளையலை அடகு வைத்து 300 பிரதிகள் அச்சிட்டார். அவற்றுள் ஒன்பதுதான் அன்று சிதம்பரத்தில் இலவசமாகப் போயின.

பெருந்தொற்றுக் காலத்தில் இவரைப் போலத் தாமே எழுதித் தாமே வெளியிட்டவர்கள் தமிழகத்தில் பலர். இவர்களைப் பற்றி நம்மவர் கூறும் குறைகள் இரண்டு. அவ்விரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்குறை, "கைக்காசு போட்டு அச்சிட்டதெல்லாம் ஒரு நூலா?" என்பது. இப்படிக் கேட்பவர் தம் சமுதாயத்தின் நூல் வரலாற்றை அறியாதவர். சீறாப்புராணம் எந்த வணிகப் பதிப்பகத்தால் உருவாயிற்று? வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப்பின் உமறுப்புலவரைத் தாங்கியவர், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர் அல்லவா? அந்த நன்றியைப் புலவர் தம் காப்பியத்துள்ளேயே பதித்து வைத்தார். சுவடியில் கிடந்த அக்காப்பியத்தைத் தேடியெடுத்து 1842இல் அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர். அவரும் புத்தக வணிகர் அல்லர்.

1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்த உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது எவ்வாறு? நூல் வெளிவருமுன்னரே வாங்குவோரிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். நம் காலத்திற்கு வருவோம். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான், 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்த தம் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை 1988இல் தம் முயற்சியிலேயே நூலாக்கினார். அவர்தாம் 1997இல் 'சாய்வு நாற்காலி'க்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். கைக்காசு இழிவென்றால் இவர்கள் அனைவரும் இழிந்தோரா?

இரண்டாங்குறை நம்மை நோக்கியே வந்தது. "ஹஜ்ரத், நாவல் என்பது வீண்கதை. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நீங்களே அதற்கு வக்காலத்து வாங்கலாமா?" என்று ஓர் அன்பர் கேட்டார். வீண்கதைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கொள்ளைநோய்க் காலத்தை எழுதி வைப்பது வீண்வேலை என்று நம் முன்னோர் கருதியதில்லை. ஹலப் நகரில் இப்னுல் வர்தீ கொள்ளைநோயைப் பற்றி எழுதினார். ஹிஜ்ரி 749இல் அந்நோயிலேயே வஃபாத்தானார். ஸஹீஹுல் புகாரிக்கு 'ஃபத்ஹுல் பாரீ' என்னும் விரிவுரை தந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ, தம் புதல்வியர் மூவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தினூடே அவர் எழுதிய 'பத்லுல் மாஊன்' ஹிஜ்ரி 833இல் நிறைவுற்றது. அவை கதைகள் அல்ல என்பது மெய்யே. ஆயினும் ஒரு காலத்தின் கண்ணீரைப் பின்னோர்க்குக் கையளிக்கும் கடமை அறிஞர்க்கு உண்டென்பதை அவை காட்டவில்லையா? கதை வடிவிலே அக்கடமையை ஆற்றுவதும் நமக்குப் புதிதன்று. கண்டியின் அறிஞர் சித்தி லெப்பை 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டது 1885இல். நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' நாவலைத் தந்தது 1938இல்.

நாம் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2020இன் தொடக்கத்தில், நோயைப் பரப்பியவர்களே முஸ்லிம்கள்தாம் என்று ஊடகங்கள் பல கூசாமல் எழுதின. ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் அன்பர்கள்மீதான வழக்குகளை இரத்துச் செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கக்கூடும் என்று சுட்டியது. பழி பரவிய வேகத்தில் தீர்ப்பு பரவியதா? இலங்கையில் நம் சகோதரர்களின் மையித்துகளை 2021 பிப்ரவரி வரை கட்டாயமாக எரித்தார்கள். அதன்பின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்ட குழந்தையின் தாய் அடைந்த வேதனை எந்த அரசிதழில் பதிவாகியிருக்கிறது?

நம் ஊர்களையே பாருங்கள். பள்ளிவாசல் பூட்டியிருக்க வீட்டில் தொழுத தராவீஹ், கஞ்சிப் பானையில்லாத நோன்பு, வெளியூர் மையித்தைக் கைப்பேசித் திரையில் கண்டு அழுத பெண்கள், சாதி மதம் பாராமல் பிணங்களைச் சுமந்த நம் இளைஞர்கள் என எத்தனை எத்தனை! இவையெல்லாம் அந்த முதுநகர் இளைஞரின் நாவலில் இருக்கின்றன. கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி வைக்கும்படி ஏவப்பட்ட சமுதாயம் நாம். இறந்துபோனவர்களுக்கு நாம் பட்ட கடனை எழுதாமல் விடலாமா?

இனி எழுத்தாளரின் பக்கமும் குறையுண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. மின்னூல் ஏற்றுவது எளிது. இரவில் ஏற்றினால் ஓரிரு நாளில் உலகெங்கும் கிடைக்கிறது. அந்த எளிமையே பலரைக் கெடுத்தது. ஒருமை பன்மை மயக்கம், சந்திப் பிழை, பாதியில் பெயர் மாறும் பாத்திரம் ஆகியவை மலிந்த நூல்களை நாமும் படித்து நொந்தோம். மதரஸா மரபில் ஒரு நூலைப் படியெடுத்தால் மூலத்தோடு ஒப்புநோக்கும் முகாபலா உண்டு. ஆசிரியர்முன் வாசித்துக் காட்டித் திருத்தம் பெறுவதுண்டு. அச்சகத்திற்கும் கிண்டிலுக்கும் போகுமுன், கற்ற இருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒப்பந்தத்தையும் படித்துப் பாருங்கள். கிண்டிலின் ஒரு திட்டத்தில் சேர்ந்தால், படிக்கப்பட்ட பக்கங்களுக்கு ஏற்பப் பணம் வரும். ஆனால் 90 நாள் அம்மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது. 'பதிப்பகம்' என்று பலகை மாட்டிக்கொண்டு எழுதுபவரிடமே பணம் பறிப்போரும் உளர். நமக்குத் தெரிந்த ஒருவரிடம் நூலுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்றே தனிக் கட்டணம் வாங்கினார்கள். நம் நாட்டில் அந்த எண்ணை மத்திய அரசின் முகமை இலவசமாகவே வழங்குகிறது.

ஆயினும் பெரிய குற்றம் நம்முடையதே, வாங்காமல் வாழ்த்தும் நம்முடையதே! நம் அலமாரியிலும் அன்பளிப்பாகப் பெற்ற நூல்கள் உள்ளன, எழுதும்போதே வெட்கமாயிருக்கிறது. பிரியாணிக் கடையில் போய், "நமக்கு ஒரு தட்டு அன்பளிப்பு இல்லையா?" என்று கேட்போமா? தையற்காரர் உறவினரென்றால் கூலி கொடாமல் விடுவோமா? நூல் எழுதியவரிடம் மட்டும் ஏன் இந்த உரிமை? இன்னொரு கொடுமையும் நடக்கிறது. ஒருவர் வாங்கிய நூலைப் படமெடுத்துக் கோப்பாக்கி, வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிட்டு, "அறிவைப் பரப்பினேன்" என்கிறார்கள். அது அறிவைப் பரப்புவதன்று. பிறர் உழைப்பைக் கவர்வது. அமானிதம் பேணுவோர் செய்யும் காரியமா அது?

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. சாமிநாதையர் கண்ட அந்தக் கையொப்ப முறையே போதும். கடலூரிலும் சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் ஊருக்கு ஐம்பது குடும்பங்கள், ஆண்டுக்கு இரண்டு நூல்களை முன்கூட்டி விலைகொடுத்து வாங்குவதாகக் கையொப்பமிடட்டும். 200 ரூபாய் நூலென்றால் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 400 ரூபாய். நான்கு ஊர்களிலும் சேர்ந்து ஒவ்வொரு நூலும் 200 பிரதிகள் விற்றுவிடும். எவரும் வளையலை அடகு வைக்க வேண்டியிராது. வலீமா விருந்தில் ஒரு பதார்த்தத்தைக் குறைத்தால் ஒரு மதரஸா நூலகத்திற்கு வேண்டிய நாவல்களை வாங்கிக் கொடுக்கலாம்.

அன்று மண்டப வாயிலில் பத்தாவது பிரதியை நாம் விலைகொடுத்து வாங்கினோம். இளைஞர் பணத்தை வாங்க மறுத்து, "ஹஜ்ரத், உங்களிடம் எப்படி வாங்குவது?" என்றார். "எம்மிடமே வாங்காவிட்டால் வேறு யாரிடம் வாங்குவீர், தம்பி?" என்று சொல்லிக் கையில் திணித்துவிட்டு வந்தோம். அபுல் காசிம் மரைக்காயர் பிறந்த மண்ணில் இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா? அடுத்த முறை எழுத்தாளர் ஒருவரைக் காணும்போது உங்கள் கை அவருடைய பைக்குள் போகாமல் உங்கள் சட்டைப்பைக்குள் போகட்டும். வல்ல அல்லாஹ் அந்த மனத்தை நமக்குத் தந்தருள்வானாக!