‘தாங்கிக்கோம்மா’ என்பது மருந்தல்ல

“பெத்தவளுக்கு வலி இல்லாம இருக்குமா? தாங்கிக்கோம்மா.” சிசேரியன் வார்டில் இதைக் கேட்காத தாய் அரிது. பாட்டி சொன்னால் ஆறுதல். மருந்து எழுதும் கையுடையவர் சொன்னால் அது கடமை தவறுதல்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவங்கள் சிசேரியன். வயிற்றையும் கருப்பையையும் கிழித்துத் தைக்கும் பெரிய ஆபரேஷன் அது. குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்துக்கொண்ட ஆணிடம், மறுநாளே ராத்திரியெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை.

மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்தென்றால் “அடிமையாகிவிடுவாள்” என்று அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். காட்டட்டும், முழுதாகக் காட்டட்டும். 2017-இல் அங்கே வெளியான ஓர் ஆய்வில், சிசேரியன் முடிந்து வீடு திரும்பியவர்களுக்குக் கொடுத்தது இடைநிலைக் கணக்கில் 40 மாத்திரை. அவர்கள் விழுங்கியது 20. இன்னோர் ஆய்வில், அதற்கு முன் இம்மருந்தைத் தொடாத தாய்மாரில் பிறகும் அதை விடாமல் எடுத்தவர் ஏறக்குறைய 300-க்கு ஒருவர். அந்த ஒருவரும் முக்கியம்தான். ஆனால் பிழை, யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே கணக்கில் எழுதித் தள்ளியதில் இருக்கிறது. அதே நாட்டில், வலி அதிகம் என்று சொன்ன கறுப்பினத் தாய்மாருக்கு மருந்து குறைவாகவே கிடைத்ததையும் ஆய்வுகள் காட்டின. அவர்களிடம் கேட்டார்கள், ஆனால் நம்பவில்லை.

“பாலில் கலந்துவிடும்” என்பது அடுத்த சாக்கு. கோடீன், டிரமடோல் என்ற இரு ஓபியாய்டுகளையும் பாலூட்டும் தாய்க்குத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது உண்மை. சிசுவின் மூச்சு மந்தமாகலாம். எந்த மருந்தைத் தேர்வது என்பதற்கான எச்சரிக்கை அது. தாயைத் துடிக்க விடுவதற்கான அனுமதிச்சீட்டு அல்ல. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் பாலூட்டும்போது தரக்கூடியவை. முதலில் அவற்றை வேளை தவறாமல் கொடுங்கள். அடங்காவிட்டால், குறைந்த அளவு ஓபியாய்டு, சில நாள், கண்காணிப்போடு. ஆபரேஷனின்போதே முதுகுத்தண்டில் செலுத்தும் துளி மார்ஃபின் ஏறக்குறைய ஒரு நாள் வலியைத் தணிக்கும்.

மார்ஃபின் போன்ற மருந்துகளைக் கட்டுப்படுத்தும் இந்தியாவின் 1985-இன் கடுமையான போதைப்பொருள் சட்டமே, மருத்துவத் தேவைக்காக 2014-இல் இறங்கி வந்தது. பல டாக்டர்களின் மனம் இன்னும் இறங்கவில்லை.

டாக்டர்களே, காய்ச்சலும் ரத்த அழுத்தமும் எழுதும் கேஸ் ஷீட்டில் வலிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். “எவ்வளவு வலிக்குதும்மா?” என்று கேளுங்கள். அவள் சொல்வதை நம்பி, அதற்குத் தக்கபடி எழுதுங்கள்.