மாரடைப்புக்கு வழிவிடும் ஒரு வார்த்தை: ‘நல்லாத்தானே இருக்கேன்!’

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 46. உடற்பயிற்சியில் தீவிரமானவர் என்று பெயரெடுத்தவர். அடுத்த சில நாட்களில் பெங்களூரு மருத்துவமனைகளில் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. இன்னொரு பக்கம், “ஜிம்முக்குப் போறவங்களுக்கே இப்படின்னா, நாம எதுக்கு மெனக்கெடணும்?” என்ற பேச்சும் கிளம்பியது.

இப்படி ஒரு மரணச் செய்தி வரும்போதெல்லாம் எழும் பயம் சில வாரங்களில் அடங்கிவிடும். பிறகு பழைய பதில்தான்: “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!” இதயத்தைக் காப்பாற்ற முடிகிற மூன்று கட்டங்களிலும் குறுக்கே நிற்பது இந்தப் பதில்தான். நோய் வருவதற்கு முன் பரிசோதனையைத் தள்ளிப்போட வைக்கிறது. நெஞ்சு வலிக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகு மாத்திரையை நிறுத்த வைக்கிறது.

வலிக்காமல் வளரும் நோய்

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்பு படிவது ஒரே இரவில் நடப்பதல்ல. பலருக்கு இருபதுகளிலேயே தொடங்கிவிடுகிறது. குழாய் பெருமளவு சுருங்கும்வரை எந்த வலியும் தெரியாது. உயர் ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் அப்படித்தான். சர்க்கரைகூட ஆரம்பத்தில் சத்தமே போடாது. ஆக, ‘நன்றாக இருப்பதுபோல் தோன்றுவது’ இதயத்தின் நிலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-ல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு 9 காரணிகளே பொறுப்பு என்றது. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி - பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடலுழைப்பு இல்லாமை ஆகியவை அந்தப் பட்டியலில் இருப்பவை. இவற்றில் எதுவுமே மாற்ற முடியாத தலையெழுத்து அல்ல. அதே ஆய்வின் தரவுகள் இன்னொன்றையும் காட்டின: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட சுமார் 5, 6 ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. “அதெல்லாம் ஐம்பதுக்கு மேல பார்த்துக்கலாம்” என்ற கணக்கு நம் ஊருக்கு ஒத்துவராது.

தெரிந்துவைக்க வேண்டியவை நான்கே எண்கள். ரத்த அழுத்தம் 120/80-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 140/90-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ 5.7-க்குக் கீழே இருக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. நான்காவது கொலஸ்ட்ரால்; குறிப்பாக ‘எல்டிஎல்’ எனும் கெட்ட கொழுப்பு. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது சிறு வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், இந்த எண்களை இன்னும் சீக்கிரமே பார்ப்பது நல்லது.

ஆனால், வருடம் ஒருமுறை கம்பெனி செலவில் ‘மாஸ்டர் செக்-அப்’ முடித்து, “ரிப்போர்ட் நார்மல்” என்று ஃபைலை மூடிவைப்பதிலும் ஆபத்து உண்டு. ட்ரெட்மில் டெஸ்ட் பெரிய அடைப்பைத்தான் சுட்டிக்காட்டும். சிறிய கொழுப்புப் படிவுகூட திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை மூடிவிடலாம். உடற்பயிற்சி செய்பவருக்கும் மாரடைப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பயிற்சி ஆபத்தைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. அதற்காகப் பயிற்சியை விடுவது, ஹெல்மெட் போட்டும் ஒருவர் இறந்துவிட்டார் என்று ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குச் சமம்.

மாற்ற வேண்டியது மெனுவை மட்டுமல்ல

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ‘கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்’ என்ற விளம்பரத்தில் மயங்கவும் வேண்டாம்; எந்தத் தாவர எண்ணெயிலும் இயல்பாகவே கொலஸ்ட்ரால் கிடையாது. எவ்வளவு ஊற்றுகிறோம், எத்தனை தடவை காய்ச்சுகிறோம் என்பதுதான் கேள்வி. தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பொரியலையும் பருப்பையும் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது.

நடைக்கு வாரம் 150 நிமிடங்கள் போதும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவு வேகம் வேண்டும். புகைப்பவருக்கு ஒரு நல்ல செய்தி: விட்ட ஓராண்டில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது.

இதையெல்லாம் தனிமனித ஒழுக்கம் என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமல்ல. இரவு 11 மணிக்கு ஷிஃப்ட் முடித்து வருபவருக்குக் கிடைப்பது புரோட்டா சால்னாதான். பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் முதல் தமிழகத்தில் நடக்கிறது. பகலில் வீடு தேடி வரும் ஊழியரால், காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்ட 32 வயதுக்காரரைப் பார்க்க முடியாது. செக்-அப் கூப்பன் கொடுக்கும் நிறுவனங்கள், எழுந்து நடக்க இடைவேளையையும் ஒழுங்கான தூக்கத்துக்கு இடம்தரும் ஷிஃப்ட்டையும் கொடுத்தால்தான் அந்தக் கூப்பனுக்கு அர்த்தம்.

சோடா குடித்துக் காத்திருக்கும் நேரம்

“வாய்வா இருக்கும், ஒரு சோடா குடி” என்ற அறிவுரையில் கரையும் நேரத்துக்கு விலை அதிகம். ரத்தம் நின்று அரை மணி நேரம் கடந்தாலே இதயத் தசை சாகத் தொடங்குகிறது. நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குப்பென்ற வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தானே பைக் ஓட்டிக்கொண்டு போவது கூடவே கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். கேஸா, மாரடைப்பா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. ஈசிஜி எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அது உதவும்.

ஸ்டென்ட் வைத்த பிறகு

ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பைத்தான் திறக்கிறது. கொழுப்பு படியும் தன்மையை மாற்றுவதில்லை. மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை வழக்கமாக ஓராண்டு தருகிறார்கள். “இப்ப நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இத்தனை மாத்திரை?” என்று நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அவர் நன்றாக இருப்பதே அந்த மாத்திரைகளால்தான். பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு கலந்து குடித்தால் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பு எந்த மாத்திரைக்கும் மாற்று ஆகாது.

நேர்மாறான தவறும் வீடுகளில் நடக்கிறது. “மாடி ஏறாதே, எதையும் தூக்காதே” என்று பாசத்தோடு படுக்கையில் போட்டுவிடுகிறார்கள். மருத்துவர் சொல்லும் வேகத்தில் சிறுகச் சிறுக நடக்கத் தொடங்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பலாம், பயணம் போகலாம். பயமும் மனச்சோர்வும் தொடர்ந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்க்க ஐந்து நிமிடம் போதும். 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பி.பி., சர்க்கரை பரிசோதனை இலவசம். நல்லாத்தான் இருக்கேன் என்று தாராளமாகச் சொல்லலாம். எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.