சைலன்சரை வெட்டுறது மொடிஃபிகேஷன் இல்லை

யாழ்ப்பாணத்தில் ஒரு காரை 'மொடிஃபை' பண்ணியாச்சு என்று யாராவது சொன்னால், முக்கால்வாசி நேரம் அதுக்கு ஒரே அர்த்தம்தான். சைலன்சரை வெட்டி எறிந்துவிட்டு, பால்மா ரின் அளவு வாயுள்ள ஒரு குழாயை வெல்டிங் பிடித்திருக்கினம். கூடவே ஸ்பிறிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டு, பொனற்றுக்குள் ஒரு கோன் ஃபில்டர், பின்கண்ணாடியில் ஒரு ஸ்ரிக்கர். கார் முன்னைவிடச் சோம்பலாக இழுக்கும். அம்மாவை ஏற்றிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போய்வந்தால் அவவுக்கு இரண்டு நாள் நாரி நோகும். ஆனால் பலாலி றோட்டில் அக்சிலேற்றரை மிதித்தால் நல்லூரில் நாய் குரைக்கும். இதுக்குப் பெயர் பெர்ஃபோமன்ஸாம்.

காரை மாத்தாதேங்கோ என்று புத்திமதி சொல்ல நான் வரவில்லை. மாத்துங்கோ, வடிவாய் மாத்துங்கோ. தினமும் வேலைக்கும் ரியூசனுக்கும் சந்தைக்கும் ஓடுகிற ஒரு சிவிக்கோ லான்சரோ சுவிஃப்ட் ஸ்போர்ட்டோ, ஓட்ட ஓட்ட ஆசையாய் இருக்கவேணும், கேட்கவும் இனிமையாய் இருக்கவேணும் என்று நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை. என் சண்டை, அந்த ஆசையை வைத்து விற்கப்படுகிற குப்பையோடுதான்.

முதலில் சத்தத்துக்கும் வலுவுக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். 1997இல் ஹொண்டா ஈகே9 சிவிக் டைப் ஆரை வெளியிட்டது. 1595 சிசி, ரேபோ இல்லை, 8200 ஆர்பிஎம்மில் 185 பிஎஸ். எங்கட பெடியள் சுவரில் படம் ஒட்டி வைத்துக் கும்பிடுகிற கார் அது. அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது சைலன்சரோடுதான், கற்றலிற்றிக் கொன்வேற்றரோடுதான். அந்த 185 வந்தது ஹெட்டில், காமில், விடெக்கில். வால் குழாயில் இருந்து வரவில்லை. சாதாரண 1500 சிசி எஞ்சினுக்குப் பின்னால் மூன்று இஞ்சிக் குழாய் பூட்டி அதை டைப் ஆர் ஆக்கலாம் என்று நினைப்பது, பிறஷர் குக்கரின் விசிலை மாற்றினால் சோறு கெதியாய் அவியும் என்று நினைக்கிற மாதிரி.

இங்கே இரண்டு மூடநம்பிக்கைகள் ஒரே கராஜில் ஒற்றுமையாய் வாழ்கின்றன. ஒரு அண்ணை சொல்லுவார், "தம்பி, எஞ்சினுக்கு பாக் பிறஷர் வேணும்." பக்கத்தில் நிற்கிறவர், "குழாய் பெரிசானால் எஞ்சின் ஃப்ரீயாகும்" என்பார். இரண்டும் சரியில்லை. பாக் பிறஷர் எந்த எஞ்சினுக்கும் நல்லதில்லை. வேண்டியது வாயுவின் வேகம். ஒரு சிலிண்டரில் இருந்து வெளியேறுகிற வாயு வேகமாய் ஓடினால், அதன் பின்னால் உண்டாகிற தாழ்ந்த அழுத்தம் அடுத்த சிலிண்டரின் எரிந்த வாயுவையும் இழுத்து எடுக்கும். குழாய் அளவுக்கு மிஞ்சி அகலமானால் அந்த ஓட்டம் தளர்ந்துபோகும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும். நாங்கள் நாள் முழுக்க ஓட்டுவது எங்கே? ஆஸ்பத்திரி வீதியில், ஓட்டோவுக்கும் சைக்கிளுக்கும் இடையில், இரண்டாம் கியரில், 2000 ஆர்பிஎம்மில். அந்த இடத்தில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, 7000இல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாத ஒன்றை வாங்குகிறோம். ரேபோ இல்லாத 1500, 1600 சிசிக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டேகால் இஞ்சி போதும். வளைவுகளில் குழாய் நசியாமல் வளைத்திருக்கிறார்களா என்று பாருங்கோ. அளவைவிட அதுதான் முக்கியம்.

இனி இரைச்சல். வெட்டின சைலன்சரோடு கொழும்புக்குப் போனவர்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும். ஏ9இல் மணிக்கு 70 கிலோமீற்றர், ஐந்தாம் கியரில் 2400 ஆர்பிஎம் என்று வைப்போம். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் வெடிக்கும். அப்படியென்றால் செக்கனுக்கு 80 வெடிப்பு, அதாவது 80 ஹேர்ட்ஸ். காதால் கேட்பதைவிட நெஞ்சாலும் மண்டையாலும் கேட்கிற சத்தம் அது. கார்க்கூடும் சேர்ந்து அதிர்ந்தால், மாங்குளம் தாண்டும்போதே தலை இடிக்கத் தொடங்கும். பிறகு அதை மறைக்க செற்றைக் கூட்டிப் போடுவோம். ஐயா, சத்தம் கேட்கத்தானே காசு கொடுத்தது?

இதுக்குத் தீர்வு பழைய பௌதிகப் புத்தகத்திலேயே இருக்கு. ஏஎல்லில் பௌதிகம் படித்த எல்லாருக்கும் ஒரு முனை மூடிய குழாயின் பரிவு ஞாபகம் இருக்கும். சத்தத்தின் அலைநீளத்தில் கால்வாசி நீளமுள்ள, முனை மூடிய ஒரு கிளைக்குழாயை எக்ஸோஸ்ட் லைனில் பொருத்தினால், அதுக்குள் போய்த் திரும்பி வருகிற அலை அந்த அதிர்வெண்ணை அடிச்சு அணைக்கும். 80 ஹேர்ட்ஸுக்குச் சாதாரண வெப்பநிலையில் ஒரு மீற்றரை விடக் கொஞ்சம் கூட. எக்ஸோஸ்ட் வாயு சூடானது, சூட்டில் ஒலி வேகமாகப் போகும் என்பதால் நீளம் இன்னும் கூடும், இரண்டு மூன்று தரம் வெட்டிப் பொருத்திப் பார்க்கவேண்டி வரும். இதோடு நடுவில் ஒரு றெசனேற்றர், கடைசியில் கண்ணாடிப் பஞ்சு அடைத்த நீட்டு மஃப்ளர். மெதுவாய் ஓடும்போது அமைதியாய் இருக்கும், மிதிச்சால் மட்டும் வாய் திறக்கும். இதைச் செய்ய வெல்டர் போதும், பொறியியலாளர் தேவையில்லை. ஆனால் யோசிக்கவேணும். யோசிக்கிறதுக்குத்தான் எங்கட கராஜ்களில் பில் போடுறதில்லை.

நல்ல சத்தம் தற்செயலாய் வருவதில்லை. சுபாரு இம்ப்ரெசாவின் அந்தப் 'புடுபுடு', நீளம் ஒத்துவராத ஹெடர் குழாய்களால் வந்தது. 2015 டபிள்யூஆர்எக்ஸில் சம நீளக் குழாய் போட்டதும் அந்தக் குரல் போய்விட்டது, எஞ்சின் அதே பொக்ஸர் வகைதான். லெக்ஸஸ் எல்எஃப்ஏவின் சத்தத்தைச் செதுக்க இசைக்கருவி செய்கிற யமஹாவையே கூட்டிவந்தார்கள். சத்தம் எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதுதான் கேள்வி. எங்களுக்கு 'எவ்வளவு' மட்டும்தான் தெரியும்.

கோன் ஃபில்டரையும் விட்டுவைக்க மாட்டேன். உள்ளிழுக்கிற சத்தம் உண்மையில் வடிவான சத்தம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூடியில்லாத ஃபில்டரை எஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் அது குடிப்பது சுடுகாற்றை. வெளியே 33 பாகை, நெரிசலில் நிற்கும்போது பொனற்றுக்குள் 60 பாகை என்றால் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் அளவில் குறையும். வலுவும் கிட்டத்தட்ட அதே கணக்கில் இறங்கும். அதுக்காகக் குழாயை பம்பருக்குக் கீழே இறக்குகிறவர்கள், கார்த்திகை மார்கழியில் எங்கட ஒழுங்கைகள் எப்படியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வெள்ளத்தில் ஒரு மிடறு தண்ணி உள்ளே போனால் காணும், கொனெக்ரிங் றொட் வளையும். கொம்பனி கொடுத்த பெட்டியையே வைத்துக்கொண்டு, அதுக்கு வெளிக்காற்று வருகிற வழியைச் சீராக்குவதுதான் இந்த ஊருக்குச் சரி.

இப்ப உண்மையாகவே கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். 'பொப்ஸ் அண்ட் பாங்ஸ்' என்று ஈசியூவுக்கு ஒரு மப் எழுதுகிறார்கள். காலை எடுத்ததும் ஈசியூ பெற்றோலை நிறுத்தவேண்டும். இந்த மப்பில் நிறுத்தாது. தீப்பொறியையும் தாமதமாக்கி, எக்ஸோஸ்ட்டுக்குள் எரிய விடும். அதுதான் அந்த 'டப் டப் டப்'. இதில் ஒரு குதிரைவலுகூடக் கிடைக்காது. கற்றலிற்றிக் உருகும், எக்ஸோஸ்ட் வால்வு கருகும். (கற்றலிற்றிக்கைக் கழட்டி வைத்துவிட்டு, புகைச் சான்றிதழ் எடுக்கிற நாளுக்கு மட்டும் திரும்பப் பூட்டிக்கொண்டு போகிற நாடகம் வேறு.)

கார் உங்களுடையது, கருகினால் கருகட்டும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அந்தச் சத்தம் யாருடைய காதில் விழுகிறது? ஷெல் அடிக்குள்ளும் கிபிர் அடிக்குள்ளும் பங்கரில் இருந்து எழும்பி வந்த சனம் இது. 2009க்குப் பிறகு பிறந்தவர்கள் லைசன்ஸ் எடுக்கிற வயதுக்கு வந்துகொண்டிருக்கினம், அவர்களுக்கு அது யூரியூப்பில் கேட்ட சத்தம். பக்கத்து வளவில் இருக்கிற அம்மம்மாவுக்கு அப்படியில்லை. தொடர் வெடி கேட்டால் அவவின் உடம்பு அவவைக் கேட்காமலே குனிகிறது. பிறகு விடிய மட்டும் நித்திரையில்லை. கலிஃபோர்னியாவில் ஒருத்தன் செய்வதை அப்படியே இங்கே கொண்டுவந்து போடுகிறோம், இது எந்த ஊர் என்று ஒரு நிமிடம் யோசிக்காமல்.

"சத்தம் இருந்தால்தான் மற்றவன் விலத்துவான், விபத்துக் குறையும்" என்றும் ஒரு வாதம் உண்டு. குழாய் பார்ப்பது பின்பக்கம். முன்னால் சைக்கிளில் போகிற தாத்தாவுக்கு அது நல்லாய்க் கேட்பது நீங்கள் அவரைக் கடந்த பிறகு. அவரைத் திடுக்கிடப் பண்ணி வேலிக்குள் விழுத்தத்தான் அது உதவும்.

இதை வாசித்துவிட்டுப் பெரியாக்கள் தலையாட்டவேண்டாம். தனியார் பஸ்ஸின் எயார் ஹோனும், விடிய நாலு மணிக்கு ஊரையே எழுப்புகிற ஒலிபெருக்கியும் உங்களுக்குச் சத்தமாய்த் தெரிவதில்லை. ஒரு இருபத்திரண்டு வயதுப் பெடியன் அலோய் வீல் போட்டால் மட்டும் 'காவாலி' ஆகிறான். பொலிசும் ஒழுங்காய்க் கட்டின எக்ஸோஸ்ட்டையும் வெட்டின குழாயையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. அந்தப் பார்வையை உண்டாக்கிக் கொடுத்தது வெட்டின குழாய்க்காரர்தான் என்பதையும் சொல்லத்தான் வேணும்.

அப்ப காசை எதில போடுறது? 2020இல் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் இருபது, இருபத்தைந்து வருடக் கார்களைத் தங்க விலைக்கு வாங்கி ஓட்டுகிறோம். அந்தக் காரின் றப்பர் புஷ்களுக்கும் அதே வயதுதான். எஞ்சின் மவுண்ட் கிழிந்திருக்கும், ஷொக் அப்சோபர் எப்பவோ செத்திருக்கும். ஸ்பிறிங்கை வெட்டினால் அது விறைப்பாகும், மேலே கீழே போக இடமும் இல்லாமல் போகும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஷொக் அடியில் போய் முட்டும், சில்லு றோட்டை விட்டு எழும்பும். எழும்பின சில்லு திரும்பவும் மாட்டாது, பிறேக் பிடிக்கவும் மாட்டாது. புது புஷ், நல்ல ஷொக், புது மவுண்ட், சரியான அலைன்மென்ட் போட்டுவிட்டு அதே காரை ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. கொம்பனி முதல் நாள் கொடுத்த காரை உங்களில் பலர் இன்னும் ஓட்டியதே இல்லை. பிறேக் ஒயில் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருக்கா மாற்றவேணும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. குழாய்க்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறதுக்கு முதல் வெளியே போய், நாலு ரயரிலும் அந்த இலக்கத்தை வாசிச்சுப்போட்டு வாங்கோ.