சும்மா வாசிக்கிறதும், சும்மா வாசிக்கச் சொல்றதும்

"இசையைக் காசுக்காகச் செய்யக்கூடாதுங்க. அது மனசுல இருந்து வரணும்." வெளிநாட்டில் தமிழர்கள் கூடுகிற எந்த விழாவிலும் இந்த வசனம் காதில் விழும். சொல்கிறவர் அநேகமாக நல்ல சம்பளத்தில் இருப்பார். பகலில் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, பொங்கல் விழாவுக்குக் கீபோர்டு தட்டுகிற ஆசாமி நானும்தான். அதனால் என்னையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த வசனம் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேசத்தான் இந்தப் பதிவு.

முதலில் உண்மையான பாதி. காசு வாங்காமல் வாசிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. பிடித்த பாட்டை எடுத்துக்கொள்ளலாம். இடையிசையில் கோட்டைவிட்டால் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். வாசிக்க வாசிக்க, இத்தனை வருஷம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்குள் பேஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்வது திடீரென்று புலப்படும். எந்தச் சம்பளமும் அதைத் தராது.

இந்தச் சுகத்தை நான் முதலில் பார்த்தது மாரிகுப்பத்தில். தெரியாதவர்களுக்காக: பங்காருப்பேட்டையில் இருந்து கோலார் தங்கவயலுக்கு ஒரு கிளை ரயில்பாதை போகும். 16 கிலோமீட்டர்தான். 1894-ல் போட்டது. அதன் கடைசி ஸ்டேஷன் மாரிகுப்பம். இருப்பது கர்நாடகத்தில், தெருவில் கேட்பது தமிழ். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பித்ததில் இருந்து 2001 வரை பூமிக்கடியில் இருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. சுரங்கத்துக்காக 1902-லேயே சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்துவிட்டது.

தொழிலாளிகள் இருந்தது லைன் வீடுகளில். ஓர் அறை, ஒரு தட்டி, அடுத்த வீட்டில் தும்மினால் நம் வீட்டில் கேட்கும். மூன்று ஷிப்ட். சங்கு ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே இறங்கும், ஒரு கூட்டம் வெளியே வரும். இதற்கு நடுவில்தான் பாட்டு. மார்கழியில் பஜனை, திருவிழாவுக்கு மெல்லிசை, சர்ச்சில் கொயர். எங்கள் லைனில் ஆர்மோனியம்காரர் பகல் ஷிப்டில் இருந்தால் டோலக்காரர் ராத்திரி ஷிப்டில் இருப்பார். இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்க ஒரு நாளில் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம். அதை விடமாட்டார்கள். யாரும் காசு கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. மாசம் பிறந்தால் கம்பெனிச் சம்பளம் வரும்.

இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது.

அந்த டோலக்காரர்களில் ஒருவர் எங்கள் தாத்தா. வட ஆற்காட்டுப் பக்கத்தில் இருந்து வந்தவர். டோலக் வாசிப்பார், கஞ்சிரா வாசிப்பார், கையில் எது கிடைத்தாலும் தாளம் போடுவார். பறையை மட்டும் தொடமாட்டார். சின்ன வயதில் ஏன் என்று கேட்டதற்கு, "அது போதும்டா" என்பதோடு முடித்துக்கொண்டார். ஏன் போதும் என்பது நைனா சொல்லித்தான் தெரிந்தது. ஊரில் தாத்தாவின் அப்பா சாவுக்கு அடித்தவர். கூப்பிட்டால் போகவேண்டும். காய்ச்சல் என்றாலும் போகவேண்டும். அறுவடையில் களத்தில் கொஞ்சம் நெல் கிடைக்கும். அதைக் கூலி என்று சொல்லக்கூடாது. வரமாட்டேன் என்று சொல்ல முடிந்தவனுக்குக் கொடுப்பதுதான் கூலி.

தங்கவயல் சுரங்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இப்படி வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களில் இருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்கள். எல்லோரும் பறை அடித்தவர்கள் இல்லை. ஆனால் எல்லோரும் ஊருக்கு ஏதோ ஒரு வேலையைச் சும்மா செய்தாகவேண்டிய நிலையில் இருந்தவர்கள். சுரங்கம் அவர்களுக்குச் சொர்க்கமாக இருக்கவில்லை. பாறை வெடித்துச் செத்தார்கள். தூசியை மூச்சில் இழுத்து சிலிகோசிஸ் வந்து செத்தார்கள். ஆனாலும் கிராமத்தில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது. மாசச் சம்பளம். சம்பளத்தோடு சேர்ந்து வந்தது, "இன்னிக்கு வாசிக்கமாட்டேன்" என்று சொல்கிற உரிமை. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் அத்தனை வலுவான கிளை இருந்தது தற்செயல் இல்லை. 1914-ல் அவர் மறைந்தபிறகு, 1926-ல் 'தமிழன்' பத்திரிகை மறுபடி வந்ததும் தங்கவயலில் இருந்துதான். கையில் நாலு காசும் ஷிப்ட் முடிந்தபின் கொஞ்சம் நேரமும் இருக்கிற மனுஷன் படிப்பான், கூட்டம் போடுவான், பாடுவான்.

ஆக, தாத்தாவின் அப்பாவும் காசில்லாமல் வாசித்தார், தாத்தாவும் காசில்லாமல் வாசித்தார். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. ஆனால் முதலாவது அடிமைத்தனம், இரண்டாவது ஆசை. மறுக்க முடிகிறவன் சும்மா வாசித்தால்தான் அது ஆசை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் பொருந்துகிற கணக்கில்லை. திருவையாற்றைப் பாருங்கள். தியாகராஜர் ஆராதனையில் பெரிய பெரிய வித்வான்கள் உட்கார்ந்து காசு வாங்காமல் பஞ்சரத்னம் பாடுகிறார்கள். அழகான வழக்கம். அந்தச் சமாதியை 1920களில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். செலவு முழுக்க அவருடைய சொந்தப் பணம். அது எங்கிருந்து வந்தது? வருஷக்கணக்காகக் கச்சேரி செய்து சம்பாதித்தது. அவர் கச்சேரிக்குக் காசு வாங்கியதால்தான் தியாகராஜருக்குச் சும்மா செய்ய முடிந்தது.

இன்னொரு உதாரணம், பாவலர் வரதராஜன். இளையராஜாவின் அண்ணன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் தம்பிகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடினார். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் நடுவே அவர் பாட்டு பிரசாரமாக ஒலித்தது. இது காசுக்காகச் செய்த வேலையே இல்லை. ஆனால் அதே வீட்டுத் தம்பிகள் பிழைப்புக்காகச் சென்னைக்கு ரயில் ஏறவேண்டி வந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. சினிமா கொடுத்த காசால் அந்த இசை கெட்டுப்போனது என்று சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கிறதா?

இப்போது தங்கவயலுக்குத் திரும்புவோம். 1972-ல் இருந்து பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரில் மத்திய அரசு நடத்திய சுரங்கத்தை 28 பிப்ரவரி 2001 அன்று மூடினார்கள். மூடியபோது போனது வேலை மட்டும் இல்லை. ஊரின் சாயங்காலமும் போனது. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூரில் செக்யூரிட்டி வேலை, கடை வேலை, கட்டட வேலை பார்த்து, ராத்திரி திரும்புகிற வாழ்க்கை ஆரம்பித்தது. ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். மூன்று ஷிப்டுக்கு நடுவில்கூட ஆர்மோனியத்துக்கு நேரம் கண்டுபிடித்த ஊர், ரயில் வாழ்க்கையில் அதைத் தொலைத்தது. எங்கள் லைனில் ஆர்மோனியம் பரணுக்குப் போயிற்று. ரயிலில் ஜன்னல் பலகையில் தாளம் தட்டிப் பாடுகிறவர்கள் இருந்தார்கள், மும்பை லோக்கல் ரயிலின் பஜனை மண்டலிகள் மாதிரி. மனுஷன் எப்படியும் பாடுவான். ஆனால் தூக்கத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயமா?

வேலை போனபிறகு சிலர் அதே வாத்தியத்தை வைத்துக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் காசுக்கு வாசிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அந்த வசனம் வந்து விழுந்தது. "என்னப்பா, முன்னாடி சும்மாதானே வாசிச்ச? சாமி காரியத்துக்குமா காசு?" ஒரு விழாக் கமிட்டி நைனாவின் நண்பரிடம் இதையே கேட்டது. பந்தல்காரரிடம் கேட்கவில்லை. சீரியல் லைட் போட்டவரிடம் கேட்கவில்லை. சமையல்காரரிடமும் கேட்கவில்லை. இசைமீது ஆசை இருக்கிறவன் என்று தெரிந்ததால் அவரிடம் மட்டும் கேட்டார்கள். ஆசை இருப்பதுதான் அவர் செய்த தப்பு!

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். காசு என்று ஆரம்பித்தால் எல்லாமே வியாபாரமாகிவிடாதா? ஆகலாம். காசு கொடுப்பவன் கேட்கிற பாட்டைத்தான் வாசிக்கவேண்டும். ஒரே குத்துப்பாட்டை நாலு தடவை கேட்பான். சொந்தமாக ஒன்றை முயற்சி செய்ய இடம் இருக்காது. அதனால்தான் ஆசைக்கு வாசிக்கிறவர்கள் ஊருக்கு வேண்டும் என்கிறேன். ஆனால் அவர்கள் உருவாவது பிரசங்கத்தால் இல்லை. எட்டு மணி நேர வேலை, அதற்கு ஒழுங்கான சம்பளம், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடம், இவை இருந்தால் தானாக உருவாவார்கள். மாரிகுப்பத்தில் நான் பார்த்தது அதைத்தான். ஆசைக்கு இசை வேண்டும் என்று சொல்கிறவர்கள் முதலில் கூலியைப் பற்றிப் பேசவேண்டும்.

பறைக்கு வருகிறேன். இருபதாம் நூற்றாண்டு முழுக்க, "இனி சாவுக்கு அடிக்கமாட்டோம்" என்று ஊர் ஊராக மறுத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள். அப்படி மறுத்தபிறகுதான் பறை கலையாகத் திரும்பி வந்தது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அமெரிக்கத் தமிழ் விழாக்களில் இன்று பறை சாதாரணக் காட்சி. இன்ஜினியர்களும் டாக்டர்களும் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க் கற்கிறார்கள். என் மகளும் போகிறாள். வீட்டில் அவள் அடித்துப் பழகும்போது எனக்குத் தாத்தாவின் "போதும்டா" ஞாபகம் வரும். அவளை நிறுத்தச் சொல்லத் தோன்றியதில்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரமே அவள் விட்டுவிடலாம். தாத்தாவின் அப்பாவுக்கு அந்த வசதி இல்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் மூன்று தலைமுறை பாடுபட்டது.

அதனால் என்னைப்போலச் சம்பளத்தில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் தாராளமாகச் சும்மா வாசிப்போம், தப்பில்லை, நன்றாகவே இருக்கும். ஆனால் ஊரில் இருந்து ஒரு பறைக் குழுவையோ நாதஸ்வரக்காரரையோ அழைத்தால், விமான டிக்கெட்டும் பொன்னாடையும் சம்பளம் ஆகாது. தொகையை முதலிலேயே பேசுங்கள், மேடையில் இருந்து இறங்கியவுடன் கொடுங்கள். அவர் வேண்டாம் என்று மறுத்தால், அது அவருடைய ஆசை. அதை நாம் முன்கூட்டியே முடிவு செய்யக்கூடாது.