மூன்றாவது பிரதி



ராஜாங்கனைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று வானொலி சொன்னால் எலுவன்குளத்தில் இருப்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கலா ஓயா பெருகும், சப்பாத்துப் பாலத்தின் மேலால் தண்ணீர் பாயும். மின்சாரமும் பல நேரம் கூடவே போய்விடும். மாரி காலம் தொடங்குகிறது. இந்த மாதம் கணினியில் எழுதுகிறவர்களுக்கான ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம்.

நம் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. அதற்காக மின்வெட்டு நமக்குச் சலுகை காட்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததாகச் சொன்னார்கள், நாடே இருண்டது. அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்து வந்த சில நாட்களிலும் சுழற்சி முறையில் வெட்டு வந்தது. பாடக்குறிப்போ, சங்கத்துக் கணக்கோ, நம் இதழுக்கு அனுப்பவிருந்த சிறுகதையோ பாதியில் நின்றவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பீர்கள்.

இதற்கு மென்பொருள்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேர்டும் லிப்ரே ஆபிஸும் வழமையாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி ஒன்றைத் தாமாகவே எழுதி வைக்கும். அமைப்புகளுக்குள் போய் அந்த 10ஐ 2 ஆக்கிவிடலாம், இன்றே செய்யுங்கள். கூகுள் டாக்ஸில் இணையம் இருக்கும்வரை தட்டத் தட்டவே சேமிப்பு நடக்கிறது.

இவ்வளவும் இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். போதாது. மீட்புப் பிரதி இடையில் நின்றுபோன வேலையைக் காப்பாற்றத்தான் பிறந்தது. கோப்பை ஒழுங்காக மூடிய உடனே அது அழிந்துவிடும். இருக்கும்போதும் அதே கணினிக்குள்தான் இருக்கும். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். இணையத்தோடு இணைத்த கோப்புறையிலும் ஒரு சங்கடம் உண்டு: இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கூகுள் ட்ரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் பொறுக்கும், அதற்குமேல் இல்லை. தானியங்கிச் சேமிப்புக்கு நல்ல பந்தி எது, தவறி அழித்த பந்தி எது என்று தெரியாது. இரண்டையும் ஒரே விசுவாசத்தோடு சேமிக்கும்.

நம் அரசாங்கமே இந்தப் பாடத்தைப் படித்தது. 2023 ஓகஸ்டில் அரச மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் ஒன்று தாக்கியது. பிரதிகள் இருந்தன, ஆனால் இணைப்பிலேயே இருந்த பிரதிகளும் பூட்டப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் திரும்பவேயில்லை. அதன்பிறகுதான் இணைப்பைத் துண்டித்து வைக்கும் பிரதியை நாள்தோறும் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். தென்கொரியாவிலும் இதே கதை. 2025 செப்டெம்பரில் தேஜோன் நகர அரச தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேர்த்துவைத்த 858 டெராபைட் கிடங்கு வேறெங்கும் பிரதியில்லாமல் எரிந்துபோனது.

கணினி வருவதற்கு முன்பே இதை யோசித்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். உங்கள் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். மூலம் உங்களிடம் இருக்கிறது. இரண்டாம் பிரதியை நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். இன்னொன்று அவருடைய சொந்தக் கோவையில் இருக்கும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் வகுத்த ஏற்பாடு இது. மூன்று பிரதி, மூன்று கை, மூன்று கட்டடம். இன்று கணினி வல்லுநர்கள் சொல்லும் விதியும் கிட்டத்தட்ட இதுவே: பிரதிகள் 3, அவை இருக்கும் சாதனம் 2 வகை, அதில் 1 வேறோர் இடத்தில்.

நமக்குத் தோதாக இதைச் சுருக்கிச் சொல்கிறேன். வேலை செய்யும் கோப்பு கணினியில் இருக்கட்டும். அன்றைய வேலை முடிந்ததும் ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். செருகியபடியே இருந்தால் கணினிக்கு வருவது அதற்கும் வரும். பழைய பிரதியின்மேல் புதியதை எழுதாமல் கோப்பின் பெயரோடு திகதியைச் சேர்த்துவிடுங்கள். மூன்றாவது பிரதியை உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பலாம், புத்தளத்தில் இருக்கும் மகளிடமோ மைத்துனரிடமோ கொடுத்தும் வைக்கலாம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு இருந்தால் ஒன்று அந்தப் பக்கம் இருக்கட்டும்.

கையால் எழுதி அனுப்பும் மூத்த வாசகர்கள் இது தங்களுக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தபாலில் சேர்க்குமுன் ஒவ்வொரு தாளையும் தொலைபேசியில் படம் எடுத்து, பேரப்பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் படைப்பு எங்கள் கைக்கு வந்துவிட்டால் அதை உங்கள் மூன்றாவது பிரதியாகவே கருதிப் பாதுகாப்போம். மூலத்தைத் தவறவிட்டவர் கேட்டால், பிரசுரமாகாத படைப்பாக இருந்தாலும் ஒரு பிரதி திருப்பி அனுப்புவோம்.

இந்த மாதத்துக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். நீங்கள் எப்போதோ எடுத்துவைத்த பிரதி ஒன்றைத் தேடியெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். எழுத்துரு சரியாக வருகிறதா, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று கவனியுங்கள். திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், மூலம் கையில் இருக்கும்போதே தெரிந்துகொண்டோமே என்பதும் நிம்மதிதான்.

அன்புடன்,
ஆசிரியர்